செட்டிநாட்டில் குதிரை தேடி: மண்புரவி முதல் எல்கைப் பந்தயம் வரை ஒரு முழு வழிகாட்டி

செட்டிநாடு என்றதும் பர்மா தேக்குத் தூணும் ஆத்தங்குடிக் கல்லும் கோழிக் குழம்பும்தான் நினைவுக்கு வரும். குதிரைப் பிரியர்கள் இந்தப் பக்கம் வருவது குறைவு. வந்தாலும் பெரிய வீடுகளைச் சுற்றிப் பார்த்து, வழியில் ஒரு அய்யனார் கோயிலில் நாலு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. காரைக்குடியில் தங்கிக்கொண்டு ஒன்றரை மணி நேரத் தொலைவுக்குள் மண்ணில் செய்த குதிரை, சுண்ணாம்புச் சாந்தில் செய்த சுதைக் குதிரை, கல்லில் ஏறிய குதிரை, சாலையில் வியர்வை வழிய ஓடும் குதிரை எல்லாவற்றையும் பார்க்கலாம். எங்கே போவது, எப்போது போவது, யாரிடம் கேட்பது, எப்படி நடந்துகொள்வது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

போவதற்கு முன் ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் பார்ப்பதெல்லாம் வேறு மாதிரி தெரியும். இது குதிரைக்கு ஏற்ற பூமியே கிடையாது. செம்மண், செம்பாறாங்கல், மழையை நம்பிய கண்மாய். புல்வெளி என்று சொல்ல ஒன்றும் இல்லை. பாண்டிய மன்னர்கள் தங்கள் படைக்குக் குதிரைகளைக் கடல் வழியாகத்தான் வாங்கினார்கள். ஓர்முஸ், ஏடன், தோஃபார் துறைமுகங்களிலிருந்து அரபு வணிகர்கள் கப்பலில் ஏற்றி வந்தார்கள். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே வந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் வந்து இறங்கியதையும், பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லாமல் அவற்றில் பெரும்பாலானவை ஆண்டு முடிவதற்குள் இறந்துபோனதையும் எழுதியிருக்கிறார். சோற்றோடு இறைச்சியையும் வேகவைத்துக் குதிரைக்குப் போட்டார்களாம்! வரவழைத்தவர்களுக்கு அதை வைத்துக் காப்பாற்றுவது பெரும்பாடாக இருந்திருக்கிறது.

அதனால் இந்த வட்டாரத்தில் ஒரு குதிரை நிற்கிறது என்றால் யாரோ ஒருவர் அதைச் சிரமப்பட்டுக் கொண்டுவந்திருக்கிறார், இல்லையென்றால் தன் கையால் செய்திருக்கிறார். அந்த மனிதர்களைத் தேடிப் போவதுதான் இந்தப் பயணத்துக்குச் சரியான வழி என்பது என் எண்ணம். மண்குதிரை செய்யும் வேளாரையும் பந்தய வண்டி ஓட்டும் சாரதியையும் பார்க்காமல் திரும்பினால் பாதிதான் பார்த்ததாக அர்த்தம்.

முதல் படி: மாதத்தைத் தேர்ந்தெடுப்பது

எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் பார்க்க முடியாது. எது முக்கியம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

மார்கழி, தை, மாசி மூன்றும் நடந்து திரிய இதமான மாதங்கள். பொங்கலுக்குப் பிறகு சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் கோயில் விழாக்களையொட்டி மாட்டு வண்டி, குதிரை வண்டிப் பந்தயங்கள் சூடுபிடிக்கும். மாசி மகத்தன்று குளமங்கலத்தில் பெரிய குதிரைக்கு மாலை சாத்துவார்கள். சித்திரையில் வெயில் கொளுத்தும், ஆனால் அழகர் குதிரை வாகனத்தில் ஆற்றில் இறங்குவது அப்போதுதான். அய்யனாருக்கு மண்குதிரைகளை ஊர்வலமாக எடுத்துச் செல்லும் புரவி எடுப்பு ஊருக்கு ஊர் மாறும். பெரும்பாலும் கோடையிலிருந்து பெருமழை தொடங்கும் வரையிலான மாதங்களில் வைக்கிறார்கள். பச்சை மண் காய வேண்டும், சூளை நனையாமல் எரிய வேண்டும் என்பதை நினைத்தால் காரணம் தானாக விளங்கும். புரட்டாசி அல்லது ஐப்பசியில் வரும் விஜயதசமிக்கு, சாமி குதிரை வாகனத்தில் வந்து அம்பு போடும் மகர்நோன்பு.

ஐப்பசி, கார்த்திகை மழையில் குதிரைக்காக வருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மண்பாதைகள் சேறாகிவிடும், பந்தயமும் இருக்காது.

ஒரே ஒரு தடவைதான் வர முடியும் என்பவர்களுக்கு மாசி மாதத்தைச் சொல்வேன்.

இரண்டாம் படி: வந்து சேர்வதும் தங்குவதும்

சென்னையிலிருந்து வருபவர்களுக்கு எழும்பூரில் கிளம்பும் பல்லவன் எக்ஸ்பிரஸ் காரைக்குடியோடு நின்றுவிடும், இறங்க வசதி. விமானத்தில் வந்தால் மதுரையோ திருச்சியோ, இரண்டிலிருந்தும் காரில் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். கானாடுகாத்தானிலும் கொத்தமங்கலத்திலும் பழைய நகரத்தார் வீடுகள் தங்கும் விடுதிகளாகியிருக்கின்றன. அழகுதான், ஆனால் வாடகை கொஞ்சம் கூடுதல். அதிகாலை நாலு மணிக்கெல்லாம் பந்தயத்துக்குக் கிளம்ப வேண்டியிருக்கும் என்பதால் காரைக்குடி பஸ் நிலையத்துப் பக்கம் சாதாரண லாட்ஜில் தங்குவதே எனக்குப் பிடிக்கும்.

வண்டி கட்டாயம் வேண்டும். உள்ளூர் ஓட்டுநராகப் பிடியுங்கள். அய்யனார் கோயில்கள் பலவும் ஊருக்கு வெளியே, கண்மாய்க் கரையில், கருவேலங்காட்டுக்குள் இருக்கும். கைபேசி வரைபடம் அங்கே பாதி நேரம் உதவாது. ‘ஐயா, அய்யனார் கோயிலுக்கு எப்படிப் போகணும்?’ என்று ஆடு மேய்க்கும் பெரியவரிடம் கேட்டால் கையை நீட்டி வழி சொல்லிவிடுவார்.

மூன்றாம் படி: மண்புரவி, அதாவது இந்தப் பயணத்தின் நெஞ்சு

அய்யனார் இங்கே ஊரின் காவல் தெய்வம். பூரணை, புஷ்கலையோடு அமர்ந்திருப்பார். இரவில் குதிரையேறி எல்லையைச் சுற்றிவருவார், அவரோடு கருப்பரும் மற்றக் காவல்காரர்களும் வருவார்கள் என்பது நம்பிக்கை. சுற்றிவர அவருக்கு வாகனம் வேண்டுமே! மழை பெய்தால், பிள்ளை பிறந்தால், நோய் தீர்ந்தால் ‘குதிரை செய்து வைக்கிறேன்’ என்று நேர்ந்துகொள்கிறார்கள். அப்படி ஆண்டாண்டாகச் சேர்ந்த குதிரைகள்தான் கோயில் பாதையின் இருபுறமும் வரிசை கட்டி நிற்கின்றன.

முதலில் குதிரை நிற்கும் கோயிலுக்குப் போகாதீர்கள். குதிரை செய்யும் வீட்டுக்குப் போங்கள். மண்பாண்டம் செய்யும் வேளார் குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் பல ஊர்களில் இருக்கிறார்கள். பல அய்யனார் கோயில்களில் பூசாரியும் அவர்களே. மண்ணில் சாமியைச் செய்பவரும் அதற்குப் பூசை வைப்பவரும் ஒரே ஆளாக இருப்பது எனக்கு எப்போது நினைத்தாலும் சிலிர்ப்பைத் தரும். வயதில் மூத்தவராக இருந்தால் ‘ஐயா’ என்றும், நடுவயதுக்காரராக இருந்தால் ‘அண்ணே’ என்றும் கூப்பிட்டுப் பேசுங்கள். போனதும் கேமராவை வெளியே எடுக்க வேண்டாம். ‘இந்த வருசம் புரவி எடுப்பு எங்கெங்க இருக்குண்ணே?’ என்று தொடங்கினால் பேச்சு தானாக ஓடும்.

வேலை தொடங்கும் விதத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஊர் கூடி இந்த ஆண்டு புரவி எடுப்பது என்று முடிவானதும் ஒரு பிடி மண்ணை எடுத்து வேளாரிடம் கொடுப்பார்கள். அதுதான் பிடிமண். அதை வாங்கிக்கொண்ட பிறகு அவர் வேலையில் இறங்குகிறார். விரதம் இருந்து செய்பவர்களும் உண்டு.

கண்மாய் மண்ணோடு மணலும், உமியோ நறுக்கிய வைக்கோலோ சேர்த்து மிதித்துப் பதமாக்குகிறார்கள். வெறும் களிமண்ணில் அவ்வளவு பெரிய உருவம் செய்தால் காயும்போதே வெடித்துவிடும். முதலில் நான்கு கால்கள். அவை குழாய் போல உள்ளீடற்றவை. கால்கள் எடை தாங்கும் அளவுக்கு இறுகும் வரை காத்திருந்து, அதன் மேல் வயிற்றைத் திரி திரியாக மண் வைத்துத் தட்டி எழுப்புவார்கள். ஒரே நாளில் அவசரப்பட்டு ஏற்றினால் அடிக்கால் நசுங்கும். அதனால் கொஞ்சம் ஏற்றுவது, ஈரம் வாங்க விடுவது, மறுபடி ஏற்றுவது என்று நாள் கணக்கில் போகும். கழுத்தும் தலையும் கடைசியில். உடம்பில் எங்காவது ஒரு ஓட்டை விட்டிருப்பார்கள், பாருங்கள். சுடும்போது உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேறுவதற்கான வழி அது. அடைத்துவிட்டால் குதிரை சூளையிலேயே சிதறிவிடும். கழுத்து மணி, சலங்கை, சேணம், நெற்றிப்பட்டம் எல்லாம் தனியாக உருட்டி ஒட்டிய மண்தான்.

நன்றாகக் காய்ந்த பிறகு விறகு, வறட்டி, வைக்கோல் போட்டு மூடி, மேலே மண் பூசிச் சுடுவார்கள். பெரிய உருவத்துக்குச் சூளையை அதைச் சுற்றியே கட்டுவதும் உண்டு. அப்புறம் சுண்ணாம்பு அடித்து வண்ணம். இப்போது கடையில் வாங்கும் பெயின்ட்தான் அதிகம். என் கண்ணுக்கு வண்ணம் உரிந்து செம்மண் நிறம் தெரியும் பழைய குதிரைகளே அழகு. ஆனால் நேர்ந்துகொண்டவர்களுக்குப் பளபளவென்று புதிதாக இருக்க வேண்டும், அவர்கள் விருப்பமே முக்கியம்.

புரவி எடுப்பு அன்று வேளார் வீட்டு வாசலில் அல்லது பொட்டலில் குதிரைகள் வரிசையாக நிற்கும். மாலை போட்டு, வேட்டி துண்டு சாத்தி, கண் திறந்து, பூசை முடித்து, அடியில் கட்டைகள் கட்டித் தோளில் தூக்குவார்கள். மேளம், வாணம், சாமியாட்டம் எல்லாம் சேர்ந்து ஊரே கோயிலை நோக்கி நகரும். சிங்கம்புணரி சேவுகப்பெருமாள் அய்யனார் கோயில் வட்டாரத்தில் நடக்கும் புரவி எடுப்பு இந்தப் பக்கத்தில் பேர்போனது. சிவகங்கை சமஸ்தானத்தின் பெயரில் போகும் அரண்மனைப் புரவிக்கு அங்கே முதல் மரியாதை. நாள் எப்போது என்று இணையத்தில் தேடுவதைவிட, ஊரில் ஒட்டியிருக்கும் சுவரொட்டியைப் படிப்பதும் டீக்கடையில் விசாரிப்பதும் பலன் தரும்.

சரி, இனி கோயில்கள். இரண்டு இடங்களைத் தவற விடாதீர்கள்.

ஒன்று, இளங்குடிப்பட்டி. காரைக்குடியிலிருந்து திருமயம் வழியாகப் புதுக்கோட்டை போகும் சாலையில் நமணசமுத்திரம் பக்கத்தில் இருக்கிறது. நூற்றுக்கணக்கான மண்குதிரைகள் இருபுறமும் நெருக்கியடித்து நிற்கின்றன. முன்வரிசையில் புதியவை, பின்னால் போகப் போகத் தலையில்லாதவை, காலில்லாதவை, கடைசியில் ஓட்டுக் குவியல். காலை ஏழிலிருந்து ஒன்பது மணி வரை வெளிச்சம் சாய்வாக விழும்போது மண்ணின் ஒவ்வொரு விரல் பதிவும் தெரியும். நடுப்பகலில் போனால் எல்லாம் தட்டையாகத் தெரியும்.

இன்னொன்று, கீரமங்கலம் அருகே குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில். இங்கே இருப்பது மண்குதிரை அல்ல, சுமார் 33 அடி உயரச் சுதைக் குதிரை. முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் தோற்றம். மாசி மகத்தன்று காகிதப் பூ மாலைகளை லாரி, வேன், டிராக்டர் என்று கிடைத்ததில் ஏற்றிக்கொண்டு வந்து சாத்துவார்கள். குதிரை மறைந்து மாலை மட்டும் மலையாகத் தெரியும் அளவுக்குக் குவிந்துவிடும். அன்று கூட்டம் பெரிது. குழந்தைகளோடு வருபவர்கள் விடியற்காலையிலேயே பார்த்துவிட்டுத் திரும்புவது நல்லது. குதிரையின் அளவை நிதானமாகப் பார்க்க நினைப்பவர்கள் விழாவுக்குச் சில வாரம் முன்னால் சாதாரண நாளில் வரவும்.

நடந்துகொள்ளும் முறை பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். செருப்பை எல்லையிலேயே கழற்றுங்கள். சில காவல் தெய்வக் கோயில்களில் யார் எதுவரை போகலாம் என்று ஊர்க் கட்டுப்பாடு இருக்கும், கேட்டுவிட்டுப் போங்கள். குதிரை மேல் சாய்ந்து, ஏறிப் படம் எடுக்க வேண்டாம். கோயில் காட்டில் கிளை ஒடிக்க வேண்டாம். உடைந்து கிடக்கும் ஒரு காது, ஒரு மணி, எதையும் நினைவுப் பொருளாக எடுத்துப் போகவே கூடாது. அது யாரோ ஒருவருடைய வேண்டுதல். இருந்த இடத்திலேயே உடைந்து மண்ணாகிப் போக விடுவதுதான் வழக்கம். ஓட்டுக் குவியலுக்குள் பாம்பு இருக்கும் என்பதையும் மறக்காதீர்கள்.

வீட்டுக்கு ஒரு குதிரை வேண்டுமா? வேளாரிடமே சின்னதாகச் செய்து தரச் சொல்லி வாங்குங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளிலும் மரக் குதிரைகள் கிடைக்கும். அங்கே வாங்கினால் ரசீது கேளுங்கள். நூறாண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருளை வெளிநாட்டுக்கு எடுத்துப்போக 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தனியாருக்கு அனுமதி தருவதில்லை.

நான்காம் படி: ஆவுடையார்கோயில்

அறந்தாங்கிக்குத் தெற்கே இருக்கும் இந்த ஊரை, பழைய பெயரில் திருப்பெருந்துறையை, குதிரைப் பிரியர்கள் ஏன் பார்க்க வேண்டும் என்றால், தமிழ்நாட்டில் குதிரை வணிகத்தைப் பற்றிய மிகப் பெரிய கதை இங்கேதான் தொடங்குகிறது. அரிமர்த்தன பாண்டியனின் அமைச்சரான வாதவூரர், குதிரை வாங்கக் கொடுத்த பணத்தோடு துறைமுகம் போகும் வழியில் இங்கே குருவைக் கண்டு மாணிக்கவாசகர் ஆகிறார். பணம் முழுவதும் கோயிலுக்குப் போய்விடுகிறது. மன்னன் கேட்கும்போது சிவனே நரிகளைப் பரிகளாக்கி, தானே குதிரைச் சேவகனாக ஓட்டிவந்து ஒப்படைக்கிறார். இரவானதும் அவை மறுபடி நரியாகி, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடுகின்றன. கடல் வழியாக வந்த குதிரைகள் ஏராளமாகச் செத்து மடிந்த நாட்டில் இப்படி ஒரு கதை பிறந்தது எனக்கு ஆச்சரியமாக இல்லை. பொக்கிஷத்தைக் கொட்டி வாங்கியது விடிவதற்குள் இல்லாமல் போகும் வேதனையை அந்த மக்கள் நன்றாக அறிந்திருப்பார்கள்.

கோயிலில் குதிரை மேல் வரும் சிவனின் சிற்பத்தைக் கேட்டுப் பாருங்கள், ‘குதிரைச் சாமி’ என்றாலே காட்டுவார்கள். கடிவாளம், சேணம், அங்கவடி எப்படிச் செதுக்கியிருக்கிறார்கள் என்று கவனியுங்கள். கருவறையில் லிங்கம் கிடையாது, அதன் பீடமான ஆவுடை மட்டும். கொடிமரமும் நந்தியும் இல்லை. ஆவி பறக்கும் சோற்றைப் பரப்பிப் படைக்கிறார்கள். கல்லால் ஆன கொடுங்கைக் கூரையில் (வெளியே வளைந்து நீளும் கூரை விளிம்பு) மரச்சட்டமும் ஆணியும் போலச் செதுக்கியிருப்பதை அண்ணாந்து பார்க்க அரை மணி நேரம் ஒதுக்குங்கள். மதியம் நடை சாத்துவார்கள், காலையில் போவதே நல்லது.

ஐந்தாம் படி: எல்கைப் பந்தயம்

இதுவரை பார்த்தவை அசையாத குதிரைகள். ஓடுவதைப் பார்க்க வேண்டுமானால் குதிரை வண்டி எல்கைப் பந்தயம்.

மைதானம் எதுவும் கிடையாது. ஊரிலிருந்து போகும் தார்ச்சாலைதான் ஓடுதளம். தொடங்கிய இடத்திலிருந்து குறித்த எல்கை (எல்லை) வரை போய்த் திரும்பி வர வேண்டும். சுவரொட்டியில் ‘போய்வர’ இத்தனை மைல் என்று போட்டிருப்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் இன்னும் மைல் கணக்குத்தான். பெரிய குதிரை, நடுக்குதிரை, சின்னக் குதிரை என்று பிரித்து விடுவார்கள். பெரும்பாலும் அன்றே மாட்டு வண்டிப் பந்தயமும் இருக்கும். வண்டிக்கு ஒரு சாரதி, ஒரு துணைச் சாரதி. வண்டி என்பது இரண்டு சக்கரமும் உட்கார ஒரு சட்டமும்தான், அவ்வளவு இலேசானது. திரும்பும் இடத்தில் முதலில் வருபவருக்குக் கொடி கொடுப்பார்கள். கொடி வாங்கியவரே கடைசியில் ஜெயிப்பார் என்று உறுதியில்லை, திரும்பி வரும் வழியில்தான் குதிரையின் மூச்சும் சாரதியின் நிதானமும் தெரியும்.

எதைக் கவனிப்பது? கால்களை. ஓட்டத்தில் ஒரு முன்னங்காலும் அதற்கு மூலைக்கு மூலையான பின்னங்காலும் ஒன்றாகத் தரையில் விழும். டக், டக், டக் என்று இரண்டு அடித் தாளம் கேட்கும். அந்தத் தாளம் கலையாமல் போகும் வரை வண்டி குலுங்காது. வேகம் கூட்டும் ஆசையில் பாய்ச்சலுக்கு மாறினால் வண்டி தூக்கிப்போடும். நல்ல சாரதி லகானை இழுத்துப் பிடித்தே உட்கார்ந்திருக்க மாட்டார். கொஞ்சம் விட்டு, கொஞ்சம் வாங்கி, வாயால் பேசிக்கொண்டே போவார். அவர் குரலுக்குக் குதிரையின் காது பின்னால் திரும்புவதைப் பாருங்கள்.

பந்தயத்தைவிடச் சுவையானது அதற்கு முந்தைய ஒரு மணி நேரம். குதிரைகளை டாட்டா ஏஸிலிருந்து இறக்குவார்கள். தண்ணீர் காட்டி, உடம்பைத் தேய்த்து, லாடம் சரிபார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்தக் குதிரைகளில் பல குஜராத்தின் கத்தியவாரி, ராஜஸ்தானின் மார்வாரி இனக் கலப்பு. காது நுனி இரண்டும் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடப் பார்த்தால் அந்த ரத்தம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். குதிரைக்காரர்களிடம் பேசும்போது தீனியைப் பற்றிக் கேளுங்கள். கொள்ளு, தவிடு, அருகம்புல் என்று ஒவ்வொருவரும் ஒரு பக்குவம் வைத்திருப்பார்கள். விலையையும், ஜெயித்த கணக்கையும் எடுத்த எடுப்பில் கேட்பது மரியாதை இல்லை.

பாதுகாப்பு விஷயத்தில் விளையாட வேண்டாம். வளைவின் வெளிப்புறத்தில் நிற்காதீர்கள், சறுக்கும் வண்டி அங்கேதான் வரும். திரும்பும் எல்கைக்குப் பக்கத்திலும் வேண்டாம். பந்தய வண்டிகளுக்குப் பின்னாலும் பக்கத்திலும் பைக்குகள் கூட்டமாகக் கத்திக்கொண்டே பறக்கும், அந்தப் பைக்கில் ஏறிப் பார்க்க யார் கூப்பிட்டாலும் போகக் கூடாது. குதிரை மிரளுவதற்கும் ஆட்கள் அடிபடுவதற்கும் பெரும்பாலும் அந்தக் கூட்டமே காரணம். நேரான சாலையில், மேடான வரப்பில் அல்லது ஒரு வீட்டுத் திண்ணையில் இடம் பிடியுங்கள். பணம் கட்டுபவர்கள் பக்கமும் போக வேண்டாம், அது சட்டப்படி குற்றம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். குதிரையை நேசிக்கிறவர் அதன் வலியையும் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். 1965-ஆம் ஆண்டு இழுவை விலங்கு விதிகளின்படி முள் வைத்த கடிவாளமும் முள்குச்சியும் கூடாது. வண்டி இழுக்கும் குதிரையை இளைப்பாற விடாமல் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேலும், ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை பூட்டவே கூடாது. அனுமதி வாங்கி, கால்நடை மருத்துவர் நிற்க, காலை வெயில் ஏறுவதற்குள் முடிக்கிற பந்தயங்களுக்கு மட்டும் போங்கள். சாட்டை அடியில் தோல் தடித்த குதிரையைப் பூட்டும் இடத்தில் கைதட்ட நமக்கு ஒன்றும் இல்லை.

ஆறாம் படி: குதிரையிடம் போகும் முறை

உரிமையாளர் சரி என்று சொன்ன பிறகே கிட்டே போக வேண்டும். குதிரைக்கு இரண்டு இடத்தில் கண் தெரியாது: நெற்றிக்கு நேர் முன்னால் மிக அருகில், வாலுக்கு நேர் பின்னால். அதனால் இடது தோள் பக்கமாக, பேசிக்கொண்டே, நிதானமாகப் போங்கள். எடுத்ததும் முகத்தில் கை வைக்க வேண்டாம். முதலில் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே தடவிக்கொடுங்கள். காதுகள் இரண்டும் பின்னால் படிந்து ஒட்டிக்கொண்டால் விலகிவிடுங்கள், அதற்குப் பிடிக்கவில்லை.

ஆரோக்கியமான குதிரை ஓய்வில் இருக்கும்போது நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16. ஓடி முடித்த குதிரையின் மூச்சு வெகுநேரமாகியும் தணியவில்லை என்றால் கவலைப்பட வேண்டிய விஷயம். கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே சமமாக வேண்டும். மேடாகவே நின்றால் உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கிறது. ஈறு ஈரமாக, இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். சாதாரண நாளிலேயே 25 முதல் 45 லிட்டர் தண்ணீர் குடிக்கும், செட்டிநாட்டு வெயிலில் இன்னும் கூடும். நீங்கள் கொண்டுபோன பழம், பிஸ்கட் எதையும் கேட்காமல் கொடுக்காதீர்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. ஒவ்வாத தீனி வயிற்றுக்குள்ளேயே நின்று, சூலை நோய் என்ற கடும் வயிற்று வலியாகி உயிரையே எடுத்துவிடும்.

ஏழாம் படி: சாமி ஏறும் குதிரை

விஜயதசமி சமயத்தில் வந்தால் காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருங்கள். மகர்நோன்புக்குச் சாமி குதிரை வாகனத்தில் பொட்டலுக்கு எழுந்தருளி அம்பு போடுவார். காரைக்குடியில் அந்த இடத்துக்கு மகர்நோன்புப் பொட்டல் என்றே பெயர். நகரத்தார் ஊர்க் கோயில்களின் மரக் குதிரை வாகனங்களை வெளியே வந்த நிலையில் அருகிலிருந்து பார்க்க இது நல்ல சந்தர்ப்பம். சித்திரையில் என்றால் மதுரைக்குப் போய்விடலாம், கள்ளழகர் தங்கக் குதிரையில் வைகையில் இறங்குவார். அந்த லட்சக்கணக்கான கூட்டம் வேண்டாம் என்பவர்கள் மானாமதுரையில் வீர அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கலாம்.

பந்தயக் குதிரை என்றால் கானாடுகாத்தான் அரண்மனையையும் சொல்லாமல் இருக்க முடியாது. அண்ணாமலைச் செட்டியார் கட்டிய அந்த மாளிகையின் வாரிசான எம்.ஏ.எம். ராமசாமி (1931–2015) நாட்டின் முன்னணிப் பந்தயக் குதிரை உரிமையாளர்களில் ஒருவர், மெட்ராஸ் ரேஸ் கிளப்பின் தலைவராகவும் இருந்தார். 1974-இல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்ததும், 1996-இல் உச்ச நீதிமன்றம் அது திறமை சார்ந்த விளையாட்டு என்று தீர்ப்பளித்ததும் பந்தய உலகில் எல்லோரும் அறிந்தவை. 2024 செப்டம்பரில் சென்னையில் கிளப்பின் பந்தய மைதானம் இருக்கும் கிண்டி நிலத்தின் குத்தகையை அரசு ரத்து செய்தது. சென்னை வழியாக வந்து கிண்டியையும் பார்த்துவிடலாம் என்று நினைப்பவர்கள் நிலைமையை விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

நாட்களைப் பிரிப்பது

நாலு நாள் இருந்தால் நிதானமாகப் பார்க்கலாம். முதல் நாள் காலை திருமயம் வழியாக இளங்குடிப்பட்டி, மாலையில் வேளார் வீடு. இரண்டாம் நாள் விடியற்காலையில் கிளம்பி ஆவுடையார்கோயில், அறந்தாங்கியில் சாப்பாடு, மாலை குளமங்கலம், இரவு காரைக்குடி திரும்பலாம். மூன்றாம் நாளைப் பந்தயத்துக்காகக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாரம் எங்கே நடக்கிறது என்று இரண்டு நாளும் விசாரித்திருப்பீர்கள். நாலாம் நாள் சிங்கம்புணரி, இல்லாவிட்டால் காளையார்கோவில் வழியாகச் சிவகங்கை. குதிரையேற்றம் பயின்ற வேலு நாச்சியார் ஆண்ட சீமை அது. அவர் கணவர் முத்துவடுகநாதர் 1772-இல் காளையார்கோவிலில்தான் வீழ்ந்தார். 1780-இல் படையோடு வந்து சீமையை மீட்டார் நாச்சியார்.

கையில் தொப்பி, தண்ணீர், பழைய துண்டு ஒன்று. கோயிலுக்கு வேட்டியோ பருத்திப் புடவையோ இருந்தால் பெரியவர்கள் பேசுகிற விதமே மாறும்.

சொந்தமாகக் குதிரை வாங்க ஆசை வந்தால்

வரும். அந்த ஆசைக்கு அந்தியூர் போங்கள். ஈரோடு மாவட்டத்தில் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தைக்கு மார்வாரி, கத்தியவாரி, நாட்டு மட்டக் குதிரை எல்லாம் வரும். காரைக்குடியிலிருந்து திருச்சி, கரூர் வழியாகக் காரில் ஐந்தாறு மணி நேரம். சிவகங்கைப் பக்கத்துச் சாரதிகளில் ஒருவரைச் செலவு கொடுத்துக் கூட அழைத்துப் போவது புத்திசாலித்தனம்.

சந்தையில் எல்லோரும் முதலில் குதிரையின் உடம்பில் உள்ள மயிர்ச் சுழி பார்ப்பார்கள். பார்த்துக்கொள்ளட்டும், ராசியான சுழி என்றால் விலை ஏறும். நீங்கள் பல்லைப் பாருங்கள். முன்பற்கள் முழுவதும் பால் பல் விழுந்து நிரந்தரப் பல்லாக மாற 5 வயதாகும். அதற்குக் கீழே உள்ள குட்டியை ‘பழகிய குதிரை’ என்று சொல்லி விற்றால் நம்ப வேண்டாம். பிறகு ஒவ்வொரு காலையும் தூக்கச் சொல்லிக் குளம்பின் அடியைப் பாருங்கள். விரிசல், துர்நாற்றம், சூடு இருந்தால் அடுத்த குதிரைக்கு நகர்ந்துவிடுங்கள். மணலில் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள், கெட்டித் தரையில் நேராக ஓடவிடச் சொல்லுங்கள். நொண்டும் முன்னங்கால் தரையில் விழும்போது தலை மேலே போகும், நல்ல கால் விழும்போது தலை கீழே இறங்கும். மூக்கில் சளி ஒழுகினாலும் தோலில் கட்டியும் புண்ணும் இருந்தாலும் தொட வேண்டாம். கிளாண்டர்ஸ் என்ற நோய் மனிதருக்கும் தொற்றும், உறுதியானால் குதிரையைக் கருணைக்கொலை செய்வதைத் தவிர வழியில்லை. ரத்தப் பரிசோதனைச் சான்றும் கால்நடை மருத்துவரின் கையெழுத்தும் கைக்கு வந்த பிறகு முன்பணம் கொடுங்கள். அதற்கும் முன்னால் வீட்டில் நிழலான லாயம், ஓயாத தண்ணீர், தினமும் இரண்டு மணி நேரம் அதற்காக ஒதுக்கக்கூடிய ஒரு ஆள், இந்த மூன்றும் தயாரா என்று பாருங்கள். ஒன்று குறைந்தாலும் அடுத்த ஆடிக்கு வாங்கிக்கொள்ளலாம்.